மழை திரும்பி வந்தது, ஆறு திரும்பவில்லை... ஆஸ்திரேலிய ஆறுகளுக்கு என்ன ஆச்சு?

2010ஆம் ஆண்டு தென்கிழக்கு ஆஸ்திரேலியாவில் மழை கொட்டித் தீர்த்தது. 1997 வாக்கில் தொடங்கி 13 ஆண்டுகள் வாட்டியெடுத்த 'மில்லினியம் வறட்சி' ஒருவழியாக முடிந்தது. அணைகளில் தண்ணீர் ஏறியது. 2011 ஜனவரியில் விக்டோரியா மாநிலத்தின் சில பகுதிகளில் வெள்ளமே வந்தது. "அப்பாடா, இனி எல்லாம் பழையபடி ஆகிவிடும்" என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ஆனால் ஆறுகளின் கணக்கை எடுத்துப் பார்த்த ஆய்வாளர்களுக்கு ஒரு விஷயம் உறுத்தியது. மழை பழைய அளவுக்கு வந்த ஆண்டுகளிலும், சில ஆறுகளில் தண்ணீர் பழைய அளவுக்கு வரவில்லை. ஒரு வருடம் இரண்டு வருடம் அல்ல, ஏழெட்டு வருடங்கள் கழித்தும் அதே கதை.

அணையைத் திருட்டுத்தனமாக யாரும் திறக்கவில்லை. அளக்கும் கருவியில் கோளாறும் இல்லை. அப்படியென்றால் பெய்த மழை எங்கே போனது? உலகம் முழுக்க நீர் மேலாண்மை செய்பவர்களைத் தூங்கவிடாத கேள்வி இது.

மழை எப்படி ஆறாகிறது?

வானத்திலிருந்து விழும் தண்ணீர் அப்படியே ஆற்றுக்குப் போய்விடாது. இலைகளில் தங்குவது கொஞ்சம், வெயிலில் ஆவியாவது கொஞ்சம். மண் குடிப்பது போக, மரங்களின் வேர்கள் உறிஞ்சி இலை வழியாகக் காற்றில் விடுவது ஒரு பெரிய பங்கு. இன்னும் கொஞ்சம் ஆழத்துக்கு இறங்கி நிலத்தடி நீராகிறது. இத்தனைக்கும் கொடுத்தது போக மிஞ்சுவதுதான் ஓடையாகி, ஆறாகி, அணைக்கு வருகிறது. ஆங்கிலத்தில் இதை 'ரன்னாஃப்' என்பார்கள். தமிழில் ஓடுநீர்.

ஆஸ்திரேலியா போன்ற வறண்ட கண்டத்தில் மொத்த மழையில் சராசரியாகப் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் ஓடுநீராகிறது.

மாதச் சம்பளத்தை வைத்துப் பார்த்தால் இது எளிதாகப் புரியும். சம்பளம் 50,000 ரூபாய், வீட்டு வாடகை, இஎம்ஐ, மளிகை எல்லாம் சேர்த்து செலவு 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கையில் நிற்பது 10,000. மழைதான் சம்பளம், மண்ணும் மரமும் வெயிலும் செலவு, ஆறுதான் சேமிப்பு.

இப்போது சம்பளம் 10% குறைந்து 45,000 ஆகிறது. செலவை எவ்வளவு இழுத்துப் பிடித்தாலும் 38,000க்குக் கீழே போகவில்லை. சேமிப்பு 7,000. அதாவது சம்பளம் 10% குறைந்தால் சேமிப்பு 30% குறைகிறது. ஆறுகளிலும் இதேதான் நடக்கிறது. ஆஸ்திரேலியாவின் பெரும்பாலான நீர்ப்பிடிப்புப் பகுதிகளில், ஆண்டு மழை 1% குறைந்தால் ஓடுநீர் 2 முதல் 3.5% வரை குறையும் என்பது ஏற்கெனவே தெரிந்த கணக்கு.

வறட்சியில் ஆறு சுருங்குவது இப்படி விளங்கிக்கொள்ளக் கூடியதுதான். ஆனால் சம்பளம் மறுபடி 50,000 ஆன பிறகும் கையில் 6,000தான் நிற்கிறது என்றால்? வீட்டில் யாரோ புதிதாக ஒரு செலவைச் சேர்த்துவிட்டார்கள் என்று அர்த்தம். விக்டோரியாவின் ஆறுகளில் நடந்தது இந்த இரண்டாவது வகை.

முதலில் மணி அடித்தது பெர்த்

இந்தக் கதை உண்மையில் கண்டத்தின் மறுகோடியில் தொடங்கியது. மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரம் குடிநீருக்குப் பெரிதும் மலைப்பகுதி அணைகளை நம்பியிருந்தது. 1970களின் நடுப்பகுதியில் அந்த அணைகளுக்கான நீர்வரத்து ஒரு படி இறங்கியது. பிறகு ஏறவே இல்லை.

1911 முதல் 1974 வரை ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 338 பில்லியன் லிட்டர் வந்துகொண்டிருந்தது. நம் கணக்கில் இது சுமார் 12 டிஎம்சி. சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் அனைத்தும் முழுக்க நிரம்பினால் கிடைக்கும் அளவு என்று வைத்துக்கொள்ளலாம். 1975க்குப் பிறகான கால் நூற்றாண்டில் இது ஏறக்குறைய பாதியானது. 2000க்குப் பிறகு அந்தப் பாதியும் பாதிக்குக் கீழே போனது.

மழை எவ்வளவு குறைந்தது? 1970க்குப் பிறகு அந்தப் பகுதியில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரையிலான மழை சுமார் 16% குறைந்திருக்கிறது என்கிறது ஆஸ்திரேலிய வானிலைத் துறை. மழை ஆறில் ஒரு பங்கு குறைந்ததற்கு, அணை நீர் முக்கால் பங்கு காணாமல் போயிருக்கிறது. சாதாரண சம்பளக் கணக்கில் இது அடங்காது.

காரணத்தைத் தேடிப்போனவர்கள் பூமிக்கு அடியில் பார்த்தார்கள். நிலத்தடி நீர்மட்டம் உயரமாக இருந்தவரை, அது ஓடைகளின் அடிப்பகுதியைத் தொட்டுக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊட்டிக்கொண்டிருந்தது. பல ஆண்டுகள் மழை குறையக் குறைய மட்டம் இறங்கியது. ஒரு கட்டத்தில் ஓடைக்கும் நிலத்தடி நீருக்கும் இருந்த தொடர்பே அறுந்துபோனது. அதன்பிறகு பெய்யும் மழை முதலில் அந்தப் பள்ளத்தை நிரப்பப் போகிறது. ஓடைக்கு வருவது மிச்சம் மீதிதான்.

பெர்த் வேறு வழி தேடியது. 2006இல் குவினானாவில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறக்கப்பட்டது. பிறகு இன்னொன்று வந்தது. 2017 முதல் சுத்திகரித்த கழிவுநீரை நிலத்தடியில் செலுத்திச் சேமிக்கவும் தொடங்கினார்கள். அணைகளையே நம்பியிருந்த ஒரு நகரம், இன்று கடலையும் நிலத்தடி நீரையும் முதன்மையாக நம்பியிருக்கிறது.

'நேற்று போல் நாளை' என்ற நம்பிக்கை

ஓர் அணைக்கு அடுத்த ஆண்டு எவ்வளவு தண்ணீர் வரும் என்று பொறியாளர்கள் கணிப்பது எப்படி? மழை-ஓடுநீர் மாடல் என்ற கணினிக் கணக்கு இருக்கிறது. நீர்ப்பிடிப்புப் பகுதியைச் சில வாளிகளாகக் கற்பனை செய்துகொள்வார்கள். மேல் மண் ஒரு வாளி, ஆழமான மண் ஒரு வாளி, நிலத்தடி நீர் இன்னொரு வாளி. மழை முதல் வாளியில் விழும். அது நிரம்பினால் அடுத்ததற்கு. ஒவ்வொரு வாளியிலும் ஓட்டை எவ்வளவு பெரியது என்பதை, கடந்த 20, 30 ஆண்டு டேட்டாவை வைத்துச் சரிசெய்வார்கள்.

இந்த மாடல்கள் பல ஆண்டுகளாக நன்றாகவே வேலை செய்தன. ஆனால் இவற்றின் அடியில் சொல்லப்படாத ஒரு நம்பிக்கை உட்கார்ந்திருக்கிறது: வாளியும் ஓட்டையும் மாறாது. மழை கூடலாம், குறையலாம். மழையை ஆறாக மாற்றும் 'மெஷின்' மட்டும் அப்படியே இருக்கும். கடந்த காலத்தின் புள்ளிவிவரம் எதிர்காலத்துக்கும் பொருந்தும் என்ற இந்த எண்ணம் இனி செல்லாது என்று, 2008இலேயே 'சயின்ஸ்' இதழில் நீரியல் விஞ்ஞானிகள் சிலர் எழுதினார்கள். அந்தக் கட்டுரை பெரிய விவாதத்தைக் கிளப்பியது.

மில்லினியம் வறட்சி அந்த நம்பிக்கைக்கு வைத்த பரிட்சை. மழையான காலத்து டேட்டாவில் பழகிய மாடல்கள், நீண்ட வறட்சியின்போது ஆற்றில் வரும் தண்ணீரை உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டின. மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் கீர்னன் ஃபௌலர் தலைமையிலான குழு 2020இல் ஒரு முக்கியமான குறையைச் சுட்டிக்காட்டியது. பரவலாகப் பயன்படும் பல மாடல்களின் வாளிகளுக்கு 'ஞாபகசக்தி' குறைவு. ஓரிரு ஆண்டு நல்ல மழை பெய்தால் பழைய வறட்சியை மறந்துவிடும். நிஜ நிலத்துக்கு அந்த மறதி கிடையாது.

ஆற்றின் 'மூட்' மாறியதைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஒரு வருடம் தண்ணீர் குறைந்தால் அது தற்செயலாக இருக்கலாம். மழை தவறான மாதத்தில் பெய்திருக்கலாம். ஆற்றின் அடிப்படைக் குணமே மாறிவிட்டது என்று எப்போது உறுதியாகச் சொல்வது?

மோனாஷ் பல்கலைக்கழகத்தின் டிம் பீட்டர்சனும், மெல்போர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கரீட்டா சாஃப்ட், மர்ரே பீல், ஆண்ட்ரூ ஜான் ஆகியோரும் இதற்கு ஒரு பழைய கணிதக் கருவியைக் கையில் எடுத்தார்கள். அதன் பெயர் 'மறைநிலை மார்க்கோவ் மாடல்'. ரஷ்யக் கணிதவியலாளர் ஆந்திரேய் மார்க்கோவ், புஷ்கினின் கவிதை நாவல் ஒன்றில் உயிரெழுத்துக்குப் பின் மெய்யெழுத்து எத்தனை முறை வருகிறது என்று 20,000 எழுத்துகளை எண்ணிப் பார்த்து, 1913இல் விளக்கிய கருத்திலிருந்து வளர்ந்தது இது. போனில் நாம் பேசுவதை எழுத்தாக மாற்றும் தொழில்நுட்பம் பல ஆண்டுகள் இதை நம்பித்தான் ஓடியது.

வாட்ஸ்அப்பை வைத்தே இதை விளக்கலாம். நண்பரின் மனநிலை உங்களுக்கு நேரடியாகத் தெரியாது. தெரிவது அவர் அனுப்பும் பதில்கள் மட்டும். ஒருநாள் "ம்" என்று மட்டும் வந்தால், ஆபீசில் பிஸி என்று விட்டுவிடுவீர்கள். மூன்று வாரமாக "ம்", "சரி", "பாக்கலாம்" என்றே வந்தால்? மூட் மாறிவிட்டது என்று புரிந்துகொள்வீர்கள். எந்த நாளிலிருந்து மாறியது என்றுகூட ஓரளவு சொல்லிவிட முடியும். ஏனென்றால் மூட் என்பது நிமிடத்துக்கு நிமிடம் தாவாது. நேற்று எப்படி இருந்ததோ, இன்றும் அப்படியே இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

ஆற்றுக்கும் அப்படித்தான். மழை அளவும் ஓடுநீரும் கண்ணுக்குத் தெரியும் 'பதில்கள்'. நீர்ப்பிடிப்புப் பகுதி 'இயல்பு' நிலையில் இருக்கிறதா, 'குறை' நிலையில் இருக்கிறதா என்பது மறைந்திருக்கும் 'மூட்'. ஒவ்வோர் ஆண்டும் இந்த மழைக்கு வந்த இந்தத் தண்ணீர் எந்த நிலைக்குப் பொருந்துகிறது, ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் வாய்ப்பு எவ்வளவு என்பதை மாடல் கணக்குப் போடும்.

இதில் இரண்டு நல்ல விஷயங்கள். ஒன்று, வறட்சி எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்று மனிதர்கள் முன்கூட்டியே சொல்லத் தேவையில்லை. மழை வறட்சி முடிந்த தேதியில் ஆற்றின் வறட்சியும் முடிந்திருக்கும் என்று யாரும் எழுதிக்கொடுப்பதில்லை, டேட்டாவே சொல்கிறது. இரண்டு, மாடல் வீம்புக்கு நிலைகளைப் பெருக்காது. ஒரே நிலையே போதுமான விளக்கம் தருகிறதென்றால் அதுதான் தேர்வாகும். 'மாற்றம் நடந்தது' என்ற முடிவுக்கு வலுவான சாட்சி வேண்டும்.

161 பகுதிகள், ஒரு கசப்பான முடிவு

விக்டோரியாவில் 161 நீர்ப்பிடிப்புப் பகுதிகளை இந்தக் குழு ஆராய்ந்து, 2021 மே மாதம் 'சயின்ஸ்' இதழில் முடிவை வெளியிட்டது. வறட்சி முடிந்து ஏறத்தாழ 8 ஆண்டுகள் ஆன பிறகும், 37% பகுதிகள் மீளவில்லை. அவற்றில் பெரும்பாலானவை விரைவில் மீளும் என்பதற்கான அறிகுறிகூட இல்லை.

'வறட்சி முடிந்தால் ஆறு மீளும்' என்பது நீரியலில் யாரும் கேள்வி கேட்காத பாலபாடம். அதையே இந்த ஆய்வு அசைத்துவிட்டது.

இதைப் புரிந்துகொள்ளப் பல்லாங்குழியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு குழிக்குள் கிடக்கும் சோழியை லேசாகத் தள்ளினால் கொஞ்சம் மேலேறி மறுபடி அதே குழிக்குள் விழும். சின்ன வறட்சிகள் இப்படித்தான். பலமாகத் தள்ளினால் சோழி மேட்டைத் தாண்டிப் பக்கத்துக் குழியில் விழுந்துவிடும். அதற்குப் பிறகு கையை எடுத்துவிட்டாலும் அது தானாகத் திரும்பி வராது. ஒரே நிலப்பகுதிக்கு இப்படி ஒன்றுக்கு மேற்பட்ட 'குழிகள்' இருக்கலாம் என்று பீட்டர்சனும் சகாக்களும் 2009இலேயே கணித அளவில் காட்டியிருந்தார்கள். விக்டோரியா அதற்கு நிஜ உலகச் சாட்சியாகியிருக்கிறது.

அந்தத் தண்ணீரைக் குடித்தது யார்?

முதல் சந்தேகம் நிலத்தடி. பெர்த்தில் பார்த்ததுபோல் காலியான பள்ளத்தை மழை நிரப்பிக்கொண்டிருக்கலாம். ஆனால் பள்ளம் நிரம்பிக்கொண்டே வந்தால், ஆண்டு செல்லச் செல்ல ஆற்றுக்கு வரும் பங்கு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட வேண்டும். மீளாத பகுதிகளில் அப்படிக் கூடவில்லை. மழையில் ஆற்றுக்குப் போகும் சதவீதம், வறட்சிக்குப் பிறகும் அதே தாழ்ந்த அளவில் நின்றுவிட்டது.

ஆகவே ஆய்வாளர்களின் பார்வை இரண்டாவது ஆள் பக்கம் திரும்பியது: மரம் செடி கொடிகள். பெய்யும் மழையில் முன்பைவிடக் கூடுதல் பங்கைத் தாவரங்கள் உறிஞ்சி ஆவியாக விடுகின்றன என்பதே பொருத்தமான விளக்கம் என்கிறது ஆய்வு.

மரம் தண்ணீர்க் கணக்கை மாற்றும் என்பது மெல்போர்னுக்குப் புதிதல்ல. 1939 ஜனவரியில் விக்டோரியாவில் பெரும் காட்டுத்தீ பரவியது. மெல்போர்னுக்குத் தண்ணீர் தரும் மலைகளில் இருந்த மவுண்டன் ஆஷ் என்ற உயர்ந்த யூகலிப்டஸ் காடுகள் எரிந்தன. பிறகு இளங்கன்றுகள் அடர்த்தியாக முளைத்தன. வளரும் பிள்ளைக்குப் பசி அதிகம் இல்லையா? இந்த இளங்காடுகள் முதிர்ந்த காட்டைவிட அதிகத் தண்ணீர் குடித்தன. தீக்குப் பின் 20, 30 ஆண்டுகளில் நீர்வரத்து பாதியளவுக்குக்கூடக் குறையலாம், பழைய நிலைக்கு வர 100 ஆண்டுகளுக்கு மேல் ஆகலாம் என்று 1980களில் ஜார்ஜ் குசெரா கணக்கிட்டுக் காட்டினார். நீரியல் மாணவர்கள் இன்றும் அதைக் 'குசெரா வளைகோடு' என்றே படிக்கிறார்கள்.

அங்கே காரணம் கண்ணுக்குத் தெரிந்த தீ. இங்கே, வெறும் வறட்சியே அந்த வேலையைச் செய்திருக்கிறது.

தலைகீழாகவும் நடக்கும்

மாற்றம் எப்போதும் குறைவை நோக்கியே இருக்க வேண்டும் என்பதில்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் சாஹேல் பகுதியில் 1970, 80களில் கடும் வறட்சி. மழை குறைந்தது, ஆனால் பல இடங்களில் ஓடுநீர் கூடியது! செடிகொடி அழிந்து, மண்ணின் மேற்பரப்பு ஓடு போல இறுகிவிட்டது. பெய்த மழை உள்ளே இறங்க வழியில்லாமல் மேலேயே ஓடியது. நீரியலாளர்கள் இதை 'சாஹேல் முரண்' என்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் மரம் தண்ணீரைக் குடித்தது. சாஹேலில் மரம் இல்லாததால் தண்ணீர் தங்கவில்லை.

அமெரிக்காவும் தப்பவில்லை. 2021 வசந்தத்தில் கலிபோர்னியா அதிகாரிகள், மலைகளில் கிடக்கும் பனியின் அளவைப் பார்த்து ஆறுகளுக்கு எவ்வளவு தண்ணீர் வரும் என்று கணித்திருந்தார்கள். பனி உருகியது, கணித்த தண்ணீர் வரவில்லை. காய்ந்து கிடந்த மண் வழியிலேயே குடித்துவிட்டது. சில வாரங்களில் கணிப்பைப் பெருமளவு குறைக்க வேண்டியதாயிற்று.

கணக்கு தப்பினால் யாருக்கு நஷ்டம்?

மெல்போர்ன் இதை நேரடியாக அனுபவித்தது. வறட்சி ஆண்டுகளில் அதன் முக்கிய அணைகளுக்கான நீர்வரத்து முந்தைய நீண்டகாலச் சராசரியைவிட ஏறத்தாழ 40% குறைந்தது. 2009 நடுப்பகுதியில் அணைகளில் இருந்தது மொத்தக் கொள்ளளவில் கால் பங்குதான். ஒருவர் நாளொன்றுக்கு 155 லிட்டருக்குள் சமாளிக்க வேண்டும் என்று அரசு பிரச்சாரமே நடத்தியது.

அந்தப் பயத்தில் வொந்தாகியில் ஆண்டுக்கு 150 பில்லியன் லிட்டர் திறனுள்ள கடல்நீர் ஆலை கட்டப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், 2012 கடைசியில் ஆலை தயாரானபோது மழை வந்து அணைகள் தேறிவிட்டன. 2016 வரை அங்கே யாரும் தண்ணீருக்கு ஆர்டரே கொடுக்கவில்லை. "மக்கள் பணம் வீண், வெள்ளை யானை" என்று விமர்சனம் எழுந்தது.

ஆறுகள் பழைய குணத்துக்குத் திரும்பும் என்று நம்பினால் அந்த விமர்சனம் நியாயம். மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான நீர்ப்பிடிப்புப் பகுதிகள் திரும்பவில்லை என்றால், அதே ஆலை ஒரு காப்பீடு. எது சரி என்பது எந்த மாடலை நம்புகிறோம் என்பதைப் பொறுத்தது. பல நூறு கோடி டாலர் செலவும், விவசாயிக்கு விடும் தண்ணீரின் அளவும், ஆற்றில் மீன் பிழைக்க விடவேண்டிய நீரும் இந்தக் கணக்கில் தொங்குகின்றன.

நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

இந்தியாவில் நதிநீர்ப் பங்கீடுகளும் கடந்தகால நீர்வரத்தை அடிப்படையாகக் கொண்டவைதான். 2007இல் வந்த காவிரி நடுவர் மன்ற இறுதித் தீர்ப்பு, 50% நம்பகத்தன்மை அடிப்படையில் காவிரியின் மொத்த நீர்வளம் 740 டிஎம்சி என்று எடுத்துக்கொண்டு பங்கு பிரித்தது. மழையை ஆறாக மாற்றும் மெஷின் மாறாது என்ற நம்பிக்கை அந்த எண்ணுக்குள்ளும் இருக்கிறது.

நம்மூரில் மழை அளவுதான் செய்தியாகிறது. "இயல்பைவிட 10% அதிகம்" என்று தலைப்புப் போட்டதும் தண்ணீர்ப் பஞ்சம் தீர்ந்தது என்று நிம்மதியாகிவிடுகிறோம். விக்டோரியா கற்றுத்தருவது, அதோடு இன்னொரு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதைத்தான்: பெய்த மழையில் எத்தனை சதவீதம் ஆற்றுக்கு வந்தது? அந்தச் சதவீதம் பத்து ஆண்டுகளுக்கு முன் இருந்தது போலவே இருக்கிறதா?

இதற்கு மழைமானியும், ஆற்றில் நீரளவைக் கருவியும், கிணறுகளில் நீர்மட்டக் கணக்கும் ஆண்டுக்கணக்கில் விடாமல் பதிவாக வேண்டும். விக்டோரியாவில் மாற்றத்தைக் கண்டுபிடிக்க முடிந்ததே, பல பத்தாண்டு டேட்டா கையில் இருந்ததால்தான். மூட் மாறியதைக் கண்டுபிடிக்க, பழைய மெசேஜ்கள் போனில் இருக்க வேண்டுமே!